ஞாயிறு மாலை ஆறு பன்னிரண்டுக்கு யாரும் பேச வேண்டாம்

அன்பில் என்றைக்கும் குறை வைக்காத என் மாப்பிள்ளை நாச்சிமுத்து அவர்களுக்கு,

சாமளாபுரத்திலிருந்து உங்கள் மச்சான் சென்னியப்பன் எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம். இந்த ஒரு வருடத்தில் உங்களுக்கு எழுத வேண்டும் என்று பல முறை நினைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நினைக்கவில்லை. நமக்குள் பேச்சு நின்றிருந்தது. நீங்கள் செத்துப்போனதால் அந்தச் சண்டை தீர்ந்துவிட்டதாக நான் எடுத்துக்கொள்ளவுமில்லை.

இப்போது எழுதுவது டப்பாவுக்காக. நிலைமை நன்றாக இல்லை மாப்பிள்ளை.

இதை நம் வானொலிச் சங்கத்தின் மாத மடலில் போடச் சொல்லியிருக்கிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். டப்பா என்று நாம் சொல்வது நம் செயற்கைக்கோளை. ஒரு கல்லூரியின் பிள்ளைகளும் நம் சங்கத்து அமெச்சூர் வானொலிக்காரர்களும் சேர்ந்து செய்தது. பத்துப் பனியன் அடுக்கும் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். கீழேயிருந்து ஒருவர் பேசினால் அதை வாங்கி, கடல் தாண்டி இருப்பவருக்கும் கேட்கும்படி திருப்பி அனுப்பும். கூடவே தன் பெயரையும் தன் பேட்டரியின் அளவையும் மோர்ஸ் ஒலியில் ஓயாமல் சொல்லிக்கொண்டே சுற்றும். "எங்கூருப் பனியன் டப்பாங்க, பார்த்துப் பேசுங்க, சுருங்கிப்போகும்" என்று நீங்கள் மலேசியாக்காரர் ஒருவரிடம் சொல்ல, அவர் புரியாமல் இரண்டு முறை திரும்பக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்கு வெயில்தான் சாப்பாடு. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் நிழலே படாத பாதையில் போகும். வைகாசியில் தொடங்கி ஆடி முடிய மட்டும், ஒவ்வொரு சுற்றிலும் தென்துருவத்துப் பக்கம் போகும்போது பூமியின் நிழலுக்குள் விழும். அந்த நேரத்துக்குப் பேட்டரிதான் கதி. காலையில் வடக்கிலிருந்து நம் தலைக்கு மேல் வரும்போது வயிறு நிறைந்திருக்கும். மாலையில் தெற்கிலிருந்து, நிழலைக் கடந்து வரும்போது அது பட்ட பாட்டைக் குரலே சொல்லிவிடும். பாதை வருடா வருடம் கொஞ்சம் நகர்கிறது, அதனால் நிழலும் வருடா வருடம் நீள்கிறது. பேட்டரிக்கோ வயதாகிக்கொண்டிருக்கிறது.

அதற்காகத்தான் நீங்கள் கால அட்டவணை போட்டீர்கள். வெயில் மாதங்களில் எல்லா நாளும் பேசலாம். நிழல் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஒரு மாதம் திங்கள், வியாழன் மட்டும். நிழல் மாதங்களில் பேச்சைத் திருப்பும் கருவி முழுக்க அணைந்திருக்க வேண்டும், மோர்ஸ் மட்டும் ஒலிக்க வேண்டும். முதலிபாளையத்தில் பனியன் துணி பின்னும் உங்கள் நிட்டிங் மிஷினில், எண்ணெய் மாற்றிய தேதி எழுதும் அட்டைக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவைத்திருந்தீர்கள். இன்னும் இருக்கிறது. பஞ்சுத் தூசி படிந்து எழுத்து மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் அட்டவணையில் எனக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை. என் குறை வேறு.

டப்பாவைச் செய்துகொண்டிருந்தபோது சங்கத்தில் நடந்த அந்தக் கூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பேட்டரி ஒரு முறை சுத்தமாக இறங்கி, வெயில் பட்டு டப்பா மறுபடி விழித்தால் எந்த நிலையில் விழிக்க வேண்டும் என்பது கேள்வி. எல்லாம் விளக்குப் போல எரிந்தபடியா, எல்லாம் அணைந்தபடியா?

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். இந்த வட்டாரத்தில் விசைத்தறி மோட்டார் எரிந்தால் என்னிடம்தான் வரும். மின்சாரத்தை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை, எரிந்த மோட்டார்கள் சொல்லித்தந்தன. தறிக் கொட்டகையில் கரண்டு போய்த் திரும்ப வந்தால் ஒரு மோட்டாரும் தானாகக் கிளம்பக் கூடாது. ஆள் வந்து பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓட வேண்டும். அதற்கென்றே ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயில் வைத்திருக்கிறான். எழுந்து வரச் சோம்பல்படுகிறவர்கள் பட்டனில் குச்சியைச் செருகிவைத்துவிடுவார்கள். அப்படி ஒரு குச்சியால்தான் பத்தொன்பது வயதில் என் வலது கை ஆள்காட்டி விரல் பாதியாகிப்போனது. கரண்டு இல்லாத தறிக்குள் கையை விட்டிருந்தேன். கரண்டு வந்தது.

"அணைஞ்சுதானுங்க எந்திரிக்கோணும்" என்றேன் அந்தக் கூட்டத்தில். "நாம பார்த்து ஒவ்வொண்ணா எரிய விடலாம்."

"அப்படீங்களா மச்சான்" என்றீர்கள் நீங்கள். "நாம சொல்றதக் கேக்கற காது செத்துப்போச்சுன்னா? பொறவு எப்படி எரிய விடுவீங்க? ஆயுசுக்கும் ஊமையாச் சுத்தோணுங்களா அது?"

"காது எதுக்குங்க சாகுது? வயர்ல சால்டர் ஒழுங்கா வெச்சா சாகாது."

"சால்டர் வெக்கறது நீங்கதானே. அதுனாலதான் கேட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் பக்கம் எல்லாக் கையும் எழுந்தது, என் கை மட்டும் எழவில்லை. எழாத அந்தக் கை தோள் துண்டுக்கு அடியில் இருந்தது. விரல் போன கதையைச் சொல்லியிருந்தால் நாலு பேராவது என் பக்கம் வந்திருப்பார்கள். வெட்டுப்பட்ட விரலைக் காட்டி ஓட்டு வாங்க எனக்கு மனதில்லை. உங்களுக்கு அந்தக் கதை தெரியும். நீங்களாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? இதைத்தான் நான் இத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்தேன்.

டப்பா மேலே போனது, பேப்பரில் உங்கள் படம் மட்டும் வந்தது. நன்றாகவே ஓடியது. மூன்று வருடத்துக்கு முன் நிழல் மாதத்தில் முதல் முறையாகப் பேட்டரி இறங்கி விழுந்து எழுந்து, எல்லாம் எரியத் தலைக்கு மேல் வந்தது. நான் உங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே, "சொன்னேனில்லீங்களா" என்றேன். நீங்கள் உள்ளேயிருந்தபடியே, "ஊமையா வரலீங்களே" என்றீர்கள். நாம் நேரில் பேசிய கடைசிப் பேச்சு அது. சண்டையிலும் நாம் ஒருவருக்கொருவர் 'ங்க'வை விட்டதில்லை. கொஞ்சம் மரியாதை குறைந்திருந்தால் சீக்கிரம் ராசியாகியிருப்போமோ என்னவோ.

அதற்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. டப்பாவுக்குக் கட்டளை அனுப்பும் பொறுப்பு நம் இருவருக்கும். காலை உங்கள் முறை, மாலை என் முறை. அது எரிந்தபடி வந்தால் அணைக்க வேண்டும், அட்டவணைப்படி எரிய வேண்டிய நாளில் எரிய விட வேண்டும். கட்டளை கிடைத்ததும் டப்பா இரண்டு சின்ன ஒலி கொடுக்கும். காலையில் என் மாடியில் நின்று அந்த இரண்டு ஒலியைக் கேட்டால், முதலிபாளையத்தில் நீங்கள் எழுந்து பல் விளக்கியாயிற்று என்று அர்த்தம். "ரெண்டு பேரும் ஆகாசத்து வழியாத்தான் சீக்கு விசாரிச்சுக்குவீங்களாட்ட இருக்குது" என்று உங்கள் வீட்டுக்காரி, என் தங்கை சரசு, என்னிடம் சொல்லிச் சடைத்துக்கொள்வாள்.

போன வருடம் அந்தக் காலை அது எரிந்தபடிதான் வந்தது. உங்கள் முறை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு ஒலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். என் கைக்குப் பக்கத்திலேயே கருவி இருந்தது. நானே அணைத்திருக்கலாம். என் முறை இல்லை என்று அணைக்கவில்லை. தூங்குகிறார் பார், பெரிய கண்ட்ரோலர், பேப்பரில் படம் மட்டும் இவருக்கு வர வேண்டும் என்று வாய்விட்டே திட்டினேன். டப்பா எரிந்தபடியே தெற்கே இறங்கிப் போனது. இருபது நிமிடம் கழித்துச் சரசுவின் போன் வந்தது.

அந்த இருபது நிமிடம் நான் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன் மாப்பிள்ளை. இதை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

இனி இந்த வருடச் செய்தி.

பதினோரு நாளுக்கு முன், மாலைச் சுற்றில் டப்பா எரிந்தபடி வந்தது. விழுந்து எழுந்திருக்கிறது என்று தெரிந்தது. அணைக்கும் கட்டளையை அனுப்பினேன். இரண்டு ஒலி வரவில்லை. மறுபடி அனுப்பினேன். ஆனி மாதக் காற்று ஆண்டெனாவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது, குறி தப்பியிருக்கும் என்று கையால் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறை அனுப்பினேன். அது தன் பாட்டுக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வடக்கே போய்விட்டது. மறுநாள் காலையும் அப்படியே. அன்று மாலையும்.

என் கருவி பழையது என்று சொல்வார்களே, அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நானே சங்கச் செயலாளர் ஜோசப்பை அழைத்துச் சொன்னேன். அவர் கல்லூரியின் பெரிய ஆண்டெனாவிலிருந்து நான்கு நாள் முயன்றார். பலனில்லை. கட்டளையைக் கேட்கும் காது வேறு, பேச்சை வாங்கித் திருப்பும் காது வேறு. முதல் காது போய்விட்டது. இனி டப்பாவை அணைக்க இந்தப் பூமியில் யாராலும் முடியாது.

இதில் ஜோசப்புக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

"எந்நேரமும் எரியுதுங்களே, நல்லதுதானுங்க" என்றார். "அட்டவணையே வேண்டியதில்லை. யாரு எப்ப வேணும்னாலும் பேசிக்கலாம்."

"எரியறதுதானுங்க ஆபத்து."

"நீங்க எப்பவுமே இப்படித்தானுங்களே" என்று சிரித்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சிரிக்கும்போதுதான் எனக்குப் பயம் அதிகமாகிறது.

இதற்கு நடுவில்தான் உங்கள் மகள் மேகலா வந்தாள். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். ஸ்கூட்டரிலிருந்து ஒரு டி-ஷர்ட்டை எடுத்து என் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய யூனிட்டிலேயே தைத்தது, நல்ல கனமான துணி. முன்னால் ஹெட்போனோடு நீங்கள் சிரிக்கும் படம். முதுகில் 'ஞாயிறு மாலை 6.12' என்று பெரிய எழுத்தில்.

"எல் சைஸ் போதும்னு அம்மா சொல்லுச்சு. தொப்பை போட்டிருந்தா இப்பவே சொல்லிருங்க மாமா, மாத்திக்கலாம்."

"என்ன கண்ணு இது, ஆறு பன்னெண்டு?"

"டப்பா வர்ற நேரம். அப்பா வருசத்துக்கு ஏற்பாடு. எல்லா ஊருக்கும் சொல்லியாச்சு. டெல்லி, கொல்கத்தா, இலங்கை, மலேசியா. டப்பா மேல வர்ற பத்து நிமிசத்துல ஒவ்வொருத்தரும் ஒருதடவ அப்பா பேரச் சொல்லோணும். அவ்வளவுதான். அப்பா பேரு ஆகாசத்துல இருந்து கீழ விழோணும் மாமா."

நான் டி-ஷர்ட்டை மடித்தேன். மடிக்கும்போது என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசித்தும் வந்தது ஒரே வார்த்தைதான்.

"வேண்டாம்."

"எதுக்கு?"

"நிழல் ரொம்ப நீளமா இருக்கற வாரம் அது. பேட்டரி தாங்காது."

"நல்லா எரியுதுன்னு ஜோசப் அங்கிள் சொன்னாரே."

"எரியறது வேற, நல்லா இருக்கறது வேற கண்ணு."

அவள் முகம் மாறிவிட்டது. "அப்பா பேருல எதுவும் நடக்கக் கூடாது. அதானே மாமா உங்களுக்கு? பேப்பர்ல அப்பா படம் மட்டும் வந்ததுல இருந்தே அப்படித்தான்." சொல்லிவிட்டுச் சரசுவைப் போனில் கூப்பிட்டு என் காதில் வைத்தாள். உங்கள் வீட்டுக்காரி சுற்றி வளைக்கவில்லை. "செத்தவருகிட்டயும் நீயே ஜெயிக்கோணுமாண்ணா?" என்றாள். போனை மேகலாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மணி ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. "அரை மணி நேரம் இரு. மாடிக்கு வந்து கேட்டுட்டுப் போ. பொறவு உன்ற இஷ்டம்" என்றேன். வந்தாள், கோபத்தோடு வந்தாள். உங்கள் நிட்டிங் மிஷினின் நூல் ஸ்டாண்டு குழாயில் நீங்கள் எனக்குச் செய்துகொடுத்த ஆண்டெனாதான் இன்னமும் என் மாடியில் இருக்கிறது. அவளுக்கு அது தெரியும். தடவிப் பார்த்தாள்.

தெற்கே பல்லடம் பக்கமிருந்து டப்பா ஏறியது. மோர்ஸ் மெல்லக் கேட்டது. பெயர், பிறகு பேட்டரி எண். ஏழு புள்ளி ஒன்று. நிழலைக் கடந்து வந்த களைப்பு, ஆனாலும் ஒரே சீரான குரல். அவளே விரல் மடக்கி எண்ணை எண்ணிக்கொண்டாள். "நல்லாத்தானே இருக்குது" என்றாள்.

அப்போது ஒரு ஆண் குரல் குறுக்கே வந்தது. வடக்கத்திக்காரர். பெரிய பவரில் பேசுகிறார் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகை பார்க்கிறாராம். தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, வாய்க்குப் பழகாத பெயரைப் பாவம் எழுத்துக் கூட்டி, "நாச்சி... முத்து. நாச்சி... முத்து" என்றார்.

உங்கள் பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் மோர்ஸின் குரல் வழுக்கியது மாப்பிள்ளை. இறங்கும் ராட்டினம் போல ஒலி கீழே சரிந்து, அவர் மூச்சு விடும்போது கொஞ்சம் ஏறி, அடுத்த எழுத்தில் மறுபடி சரிந்தது. அவர் நிறுத்தியபோது எண் ஆறு புள்ளி எட்டுக்கு வந்திருந்தது. ஆறு புள்ளி நாலில் மூளையே அணைந்துவிடும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும், நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்.

"அது எதுக்கு மாமா அழுகறாப்ல இருக்குது?"

"கரண்டு பத்தலை கண்ணு. யாரு பேசினாலும் அதுல இருந்துதான் எடுக்கோணும். சத்தமாப் பேசினா சத்தமா எடுக்கும்."

"ஒருத்தர்தானே பேசினாரு?"

"ஒருத்தர்தான்."

டப்பா வடக்கே அவிநாசிப் பக்கம் இறங்கும்வரை அவள் நின்று கேட்டாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள். டி-ஷர்ட் மாடிச் சுவரில் கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு காயில் கட்டையை வைத்தேன்.

மறுநாள் அவளே அழைத்தாள்.

"நேரம் அச்சுப் போட்டாச்சே மாமா. இருநூறு பீஸ். எல்லாருக்கும் அனுப்பியும் ஆச்சு."

"நேரம் சரியாத்தான் இருக்குது கண்ணு. அந்த நேரத்துக்கு எல்லாரும் வரட்டும். செட்டைப் போட்டுட்டு நிக்கட்டும். பேச மட்டும் வேண்டாம்."

"அத நான் எப்படிச் சொல்றது? கூப்பிட்டவளே பேசாதீங்கன்னா சிரிப்பாங்க. நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா கேப்பாங்களா?"

"சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க கேட்டுத்தான் பாருங்களே. இத்தன வருசத்துல யாருகிட்டயாச்சும் ஒண்ணு கேட்டிருக்கீங்களா மாமா? எல்லாம் கூடாது, கூடாதுன்னுதானே சொல்லியிருக்கீங்க."

அவள் சொன்னது சரி. நான் கேட்டதில்லை. லைசென்ஸ் பரீட்சைக்கு இங்கிலீஷில் ஒரு வரி புரியாதபோதும் பக்கத்து ஆளைக் கேட்காமல் இரண்டு முறை தோற்றவன் நான். அந்தக் கூட்டத்தில் எனக்காக ஒரு கை தூக்குங்கள் என்று உங்களிடமும் கேட்டதில்லை.

ஆகவே இப்போது கேட்கிறேன். மாப்பிள்ளை, ஒரு நிமிடம் தள்ளி உட்காருங்கள், இது மற்றவர்களுக்கு.

நாச்சிமுத்துவை அறிந்தவர்களே, அறியாமல் அன்பினால் வருகிறவர்களே. ஞாயிறு மாலை செட்டைப் போடுங்கள், ஆண்டெனாவைத் திருப்புங்கள், டப்பாவைக் கேளுங்கள். மைக்கின் பட்டனை மட்டும் அமுக்காதீர்கள். நூறு பேர் சேர்ந்து அவர் பெயரைச் சொன்னால், அவர் பெயரைச் சொல்லித்தான் அதைக் கொன்றோம் என்றாகும். அணைக்க வழியில்லாத ஒரு கருவிக்கு இன்றைக்கு நாம் கொடுக்கக் கூடிய மின்சாரம் நம் மௌனம் ஒன்றுதான். யாரும் பேசாவிட்டால் அது நிழலைத் தாண்டிவிடும். பல முறை கணக்குப் பார்த்துவிட்டேன், மயிரிழையில் தாண்டும். ஞாயிறு மட்டும் போதாது. ஆடி முடியும்வரை வேண்டும். ஆடி முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், என்னைத் திட்டியே பேசுங்கள். இது கட்டளை இல்லை. கட்டளையைக் கேட்கும் காது எங்கேயும் இல்லை. தயவுசெய்து என்று எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன், தயவுசெய்து.

இனி உங்களுக்கும் எனக்கும் மட்டும் ஒன்று பாக்கி.

நான் சொன்னபடி அன்றைக்கு ஓட்டு விழுந்திருந்தால், டப்பா பதினோரு நாளுக்கு முன் அணைந்தபடி விழித்திருக்கும். எரிய விட யாராலும் முடிந்திருக்காது. நீங்கள் சொன்ன மாதிரியே ஊமையாகச் சுற்றியிருக்கும். இன்றைக்கும் அதன் குரல் எனக்குக் கேட்கிறதென்றால் அது நீங்கள் வாங்கிய ஓட்டால். இந்த ஒரு பத்தியை எழுதத்தான் பதினோரு நாள் ஆயிற்று.

அந்தக் காதுக்குப் போகும் வயரைப் பற்றவைத்தது யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில், எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தபோது, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, இந்தப் பாதி விரலால் வயரைப் பிடித்துக்கொண்டு நான்தான் வைத்தேன். நீங்கள் பின்னால் நின்று பார்த்தீர்கள், நன்றாக இருக்கிறது என்றீர்கள். அந்த ஜாயிண்ட் விட்டுப்போனதா, வேறு ஏதாவது எரிந்ததா, யாருக்குத் தெரியும்? யாரும் அங்கே போய்ப் பார்க்கப் போவதில்லை. என் ஜாயிண்ட் விட்டிருக்காது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். முன்பு போலச் சத்தமாகச் சொல்லத்தான் முடியவில்லை.

இதற்காக நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எல்லாம் எரிந்தபடி விழித்ததால்தான் அது இப்போது சாகக் கிடக்கிறது. அணைந்தபடி விழித்திருந்தால் ஊமையாகவாவது பேட்டரி பிழைத்திருக்கும். உங்கள் பக்கமும் சரி, என் பக்கமும் சரி. இரண்டு சரிக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டிருக்கிறது. இதை நாம் உட்கார்ந்து பேசியிருந்தால் மூன்றாவதாக ஒரு வழி கிடைத்திருக்குமா? கரண்டு வந்தால் மோர்ஸ் மட்டும் எரியட்டும், மற்றதெல்லாம் அணைந்திருக்கட்டும் என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்கும். வாசலில் வண்டியை விட்டு நான் இறங்கியிருக்க வேண்டும், நீங்கள் உள்ளேயிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும்.

நேற்று மாலை டப்பா தெற்கே ஏறி முதல் இரண்டு நிமிடம் குரலே வரவில்லை. நான் நின்றபடி நின்றேன். பிறகு வந்தது. எண் என்ன என்று இங்கே எழுத மாட்டேன். சரசுவும் இந்த மடலைப் படிப்பாள்.

மடல் வெள்ளிக்கிழமை எல்லோர் கைக்கும் போய்ச் சேரும். ஜோசப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், இந்த முறை சிரிக்கவில்லை. எத்தனை பேர் படிப்பார்கள், படித்தவர்களில் எத்தனை பேர் கேட்பார்கள், தெரியாது. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு ஆள், நான் ஒருவன் சொன்னால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தால் போதும். அவர் கெட்டவராக இருக்க மாட்டார். உங்கள் மேல் பிரியமுள்ளவராகத்தான் இருப்பார்.

ஞாயிறு மாலை மேகலா கொடுத்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மாடியில் நிற்பேன். எல் சைஸ் சரியாக இருக்கிறது, சரசுவிடம் சொல்லிவிடுங்கள். வலது கை துண்டுக்கு அடியில் இருக்கும். உங்கள் பெயர் என் வாயிலிருந்து வராது. அது உங்கள் மேல் உள்ள கோபத்தால் என்று நீங்களும் நினைத்துவிடாதீர்கள்.

இது என் வாக்கு: இனி காலைச் சுற்றும் என் முறைதான். யார் முறை என்று பார்க்காமல், இரண்டு வேளையும் அந்த இரண்டு ஒலி கேட்கிறதா என்று முயன்றுகொண்டே இருப்பேன். ஆடி கழிந்து நிழல் விலகிய முதல் மாலை டப்பா உயிரோடு வந்தால், குறைந்த பவரில், உங்கள் பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, மூன்று வருடத்துக்கு முன் விட்ட பேச்சை அங்கிருந்து தொடங்குவேன். வராவிட்டால் முதலிபாளையத்துக்கு வந்து, வண்டியை விட்டு இறங்கி, மிஷினில் இருக்கும் உங்கள் அட்டவணையை என் கையாலேயே எடுப்பேன். வேறு யாரையும் எடுக்க விட மாட்டேன்.

சரசுவின் அண்ணனும், உங்களோடு இன்னும் முழுசாக ஒத்துப்போகாதவனுமான
உங்கள் மச்சான்
சென்னியப்பன்